காளைக்குத் திறந்த தெரு

வண்டி தெருவுக்குள் வரலாம். வண்டியில் உட்கார்ந்திருப்பவரும் வரலாம். இழுக்கிறவன் மட்டும் வரக்கூடாது.

1912ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், செவந்திபேரி மேலத்தெருக்காரர்கள் பிள்ளையார் கோயில் வாசலில் கூடி, ஒரு தட்டு வெற்றிலை தீரும்வரை பேசி எடுத்த முடிவு இது. முடிவைக் கேட்க வேண்டியவன் நூறடி தள்ளித் தெருமுனையில், தன் ரிக்ஷாவின் கைக்கம்புகளைத் தரையில் சாய்த்துவிட்டு வெயிலில் நின்றுகொண்டிருந்தான். பெயர் இசக்கியப்பன். வயது முப்பத்தைந்து இருக்கும். அவனிடம் நடந்து வந்து சொல்ல யாருக்கும் கால் எழவில்லை. இருந்த இடத்திலிருந்தே கூவினார்கள்.

“ஏலே, வண்டிய அங்கன உட்டுட்டு நீ அப்படியே நில்லு!”

“வண்டி தானாப் போகாதே, எசமான்?”

“அதுக்கு மாடு வரும்லே!”

மாடு வந்தது.

மனிதனுக்கு அடைத்த தெரு மாட்டுக்கு எப்படித் திறந்தது என்று விளங்க வேண்டுமானால், அந்த வண்டி அந்த ஊருக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்ல வேண்டும்.

இசக்கியப்பன் பிறந்த குடியிருப்பு, மேலத்தெருவுக்கும் தாமிரபரணிக்கும் நடுவே உள்ள வயல்களுக்கு அப்பால் இருந்தது. அவனுடைய அப்பன் பண்ணையில் வேலை பார்த்தான். தாத்தனும் அப்படியே. குடிசை நின்ற மண்ணும் மேலத்தெருக்காரருடையது. நடவுக்கு மேலத்தெரு வயலில் இறங்கலாம், அறுப்புக்கு இறங்கலாம், நெல்மூட்டையைத் தூக்கித் தெருமுனை வரை கொண்டுபோகலாம். அதற்கு மேல் மூட்டையை வேறு ஆள் வாங்கிக்கொள்வான். நெல்லுக்குத் தீட்டு இல்லை. அதை விளைவித்தவனுக்கு உண்டு.

இருபத்தோரு வயதில் அவன் தூத்துக்குடியில் கப்பல் ஏறினான். தேயிலைத் தோட்டத்துக்கு என்றுதான் கிளம்பினான். ஆனால் கொழும்பில் இறங்கியதும், இந்தப் பக்கத்து ஆள் ஒருவன் ரிக்ஷா இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டு அவனோடு தங்கிவிட்டான். அந்த வேலை ஒரே நாளில் பிடிபடுவதில்லை. கம்பை இடுப்பு உயரத்தில் பிடிக்க வேண்டும். கொஞ்சம் தாழ்ந்தால் பாரமெல்லாம் கையில் இறங்கும். கொஞ்சம் உயர்ந்தால் உட்கார்ந்தவர் பின்னால் சாய்ந்து இழுக்கிறவனையும் சேர்த்துத் தூக்கிவிடுவார். இறக்கத்தில் ஓடுவதைவிட நிறுத்துவது கடினம். இதெல்லாம் உடம்பு கற்றுக்கொண்டது. மனம் கற்றுக்கொள்ளாத ஒன்றும் இருந்தது. துரைமார் திரும்ப வேண்டிய பக்கத்தை வாயால் சொல்ல மாட்டார்கள். பிரம்பு நுனியால் இடது தோளில் குத்தினால் இடது பக்கம், வலது தோளில் குத்தினால் வலது பக்கம். ஊரில் ஏர் ஓட்டுகிறவன் மாட்டோடு பேசுவான். எட்டு வருஷத்தில் அவனோடு பேசிய சவாரிகளை இசக்கியப்பன் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

பிறகு ஒரு தேயிலை வியாபாரத் துரை அவனை வேலைக்காரனாக வைத்துக்கொண்டு மூன்று வருஷம் ஊர் ஊராகக் கூட்டிப்போனார். ரங்கூன், கல்கத்தா, சிங்கப்பூர். மற்ற வேலைக்காரர்கள் கோபுரத்தையும் கடைவீதியையும் பார்த்தார்கள். இசக்கியப்பன் ஒவ்வொரு ஊரிலும் இறங்கிய உடனே பார்த்தது, இங்கே யார் யாரைச் சுமக்கிறார்கள் என்பதைத்தான். வேறு எதைப் பார்க்கவும் அவன் கண் பழகியிருக்கவில்லை.

சிங்கப்பூரில் சீனர்கள் இழுத்தார்கள். ஒட்டிய கன்னமும் அபினிக் கண்ணுமாக, ஒரே வண்டியில் இரண்டு தடியர்களை ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். கல்கத்தாவில் இன்னும் பல்லக்கு இருந்தது. நாலு கிழவர்கள் முனகிக்கொண்டே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து, உள்ளே பிணம் இருக்கிறது என்று நினைத்து அவன் ஒதுங்கி நின்றான். உள்ளேயிருந்து ஒரு கை வெளியே வந்து வெற்றிலை எச்சிலுக்காகத் திரையை விலக்கியது. இந்த ஊர்களில் எதையும் அவன் மெச்சவில்லை. மனிதனை மனிதன் இழுக்கிற ஊரில் மெச்ச என்ன இருக்கிறது?

ஆனால் ரங்கூனில் ஒரு நாள், துரையின் கடிதத்தைக் கொடுத்துவிட்டு வர, அவன் மின்சார டிராமில் ஏறினான். இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வாயில் சுருட்டு வைத்திருந்த ஒரு பர்மியப் பெண்பிள்ளை அவனை அண்ணாந்து பார்த்து, கூடையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, நகர்ந்து இடம் கொடுத்தாள். அவன் தயங்கினான். அவள் பலகையைத் தட்டிக் காட்டினாள். உட்கார்ந்தான். ஒரு பக்கம் அவள், மறு பக்கம் பட்டுத் தலைப்பாகை கட்டிய ஒரு செட்டி. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் மூன்று பேர் தோளும் இடித்துக்கொண்டன. டிக்கெட் கொடுக்க வந்தவன், எங்கே இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்டான். அவ்வளவுதான். அந்த அரை மணி நேரத்தில் அவனுக்கு யாரும் எந்த உபகாரமும் செய்யவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு அவன் பக்கம் திரும்பவும் இல்லை. அவனை யாரும் பொருட்படுத்தாமல் இருந்ததையே அவன் வாழ்நாள் முழுக்க ஒரு மரியாதையாக நினைத்துக்கொண்டிருந்தான். ஒருவனுக்கு அது மரியாதையாகத் தோன்றும்படி அவனை வளர்த்த ஊரை என்ன சொல்வது?

கொழும்புக்குத் திரும்பி இரண்டு வருஷம் மறுபடி இழுத்தான். முடிவில் ஒரு பழைய ரிக்ஷாவைத் தன் சொந்தமாக வாங்கினான். ரப்பர் பட்டை போட்ட சக்கரம், குலுங்காமல் இருக்க இருக்கைக்கு அடியில் இரும்பு வில், மடக்கினால் பின்னால் போகும் தோல் மூடாக்கு. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வண்ணார்பேட்டைப் பாலத்திலிருந்து கொக்கிரகுளம் கோர்ட்டுக் கச்சேரிக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரயிலடிக்கும், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் எத்தனை பேர் போகிறார்கள்! மாட்டுவண்டியில் இடுப்பு ஒடிகிறது, ஜட்காவில் ஆறு பேரைத் திணிக்கிறார்கள். தரையோ சமதளம். சொந்த ஊரில், சொந்த வண்டியில், முதலாளி இல்லாமல், பண்ணை வயலில் கால் வைக்காமல் பிழைக்கலாம். ஊரில் அவன் மனைவி ஆறுமுகத்தாய் தனியாக நடவு நட்டுக்கொண்டிருந்தாள்.

இதில் ஒரு தப்புக் கணக்கு இருந்தது. கொழும்பில் இந்தச் சீமைக்காரர்கள் எத்தனையோ பேரை அவன் வண்டியில் ஏற்றியிருக்கிறான். கடைக் கணக்கர், வட்டிக்கடைக்காரர், கச்சேரிக் குமாஸ்தா. மேலத்தெருக்காரரே இருவர் ஏறியிருக்கிறார்கள். முகம் பார்த்தார்கள், அடையாளம் தெரிந்துகொண்டார்கள், ஏறி உட்கார்ந்தார்கள். அங்கே ஏறியவர்கள் இங்கேயும் ஏறுவார்கள் என்று அவன் நினைத்தான். கடலுக்கு அந்தப் பக்கம் மனிதர்கள் கழற்றி வைப்பதையெல்லாம் தூத்துக்குடித் துறையில் இறங்கியதும் மறுபடி மாட்டிக்கொள்கிறார்கள் என்பது அவனுக்கு உறைக்கவில்லை.

தோணிக்காரன் வண்டியைக் காயல்பட்டினத்தில் இறக்கினான். அங்கே யாரும் வாயைப் பிளக்கவில்லை. கொழும்பில் பாதி வாழ்நாளைக் கழித்தவர்கள் ஊர் அது. ஒரு மரைக்காயர் வந்து சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, “ரப்பரு தேஞ்சு போச்சே வாப்பா, ஏமாத்திப்புட்டானா?” என்று மட்டும் கேட்டார். அங்கிருந்து ஆற்றோரமாக மேற்கே அவன் வெற்று வண்டியை இழுத்து வந்தான். ஊருக்கு ஊர் கூட்டம் கூடியது.

“இத எது இழுக்கும் வே?”

“நான்தான்.”

“ஆளா இழுப்பான்? மனுசன் உக்கார, மனுசன் இழுக்க! வெக்கங்கெட்ட பொழப்பால்லா இருக்கு!”

ஏர்க்காலில் மாடு செத்தால் இவனைப்போன்றவர்களைப் பூட்டி உழுத ஊர்களில் அந்தக் கேள்வி வந்தது. இசக்கியப்பன் கம்பைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தான்.

வண்ணார்பேட்டைப் பாலத்தடியில் வண்டியை நிறுத்தினான். வெளுத்த துணி நாலு வைத்திருந்தான். ஒவ்வொரு சவாரிக்கும் இருக்கையில் புதுத் துணி விரிப்பான். வந்தவர்கள் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்கள், வில்லை அழுத்திப் பார்த்தார்கள், சிரித்தார்கள். பிறகு ஒரே கேள்வி.

“இதுல முன்னால யாரு உக்காந்தா?”

துணியைக் காட்டுவான்.

“துணி கெடக்கட்டும்லே. நீ யாரு?”

அதோடு முடிந்துவிடும். சிலருக்கு ஏறவே ஆசை. ஆனால் வீடு தெருவுக்குள் இருக்கிறது, அவன் தெருவுக்குள் வர முடியாது. முனையில் இறங்கி நடக்க வேண்டுமானால் எதற்கு வண்டி? மிஷன் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஞாயிற்றுக்கிழமைதோறும் எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள் என்று பாடுகிறவர், அவரும் வண்டியைச் சுற்றி வந்து அதே கேள்வியைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டார். கேட்காமல் ஏறியவள் ஒருத்திதான். சாலோமி என்ற மருத்துவச்சி. பிரசவம் பார்த்துப் பார்த்துக் காலில் நரம்பு சுருண்டவள். “எவன் இழுத்தா என்ன? காலு போவுது எனக்கு. பைய போ,” என்று உட்கார்ந்தாள். அவளைப் பெரிய மனசுக்காரி என்று சொல்லத் தோன்றலாம். அவளுக்குக் கால் வலி. கால் வலிக்கிறவர்கள் இந்தச் சீமையில் ஆயிரம் பேர் இருந்தார்கள், அவள் மட்டும் உட்கார்ந்தாள் என்பதை வேண்டுமானால் சேர்த்துச் சொல்லலாம். அவள் ஒருத்தியை வைத்து வயிறு நிறையாது.

இந்த நிலையில்தான் குத்தாலம் பிள்ளை வந்தார். மேலத்தெருக்காரர். ரங்கூன் அரிசி ஆலை ஒன்றில் முப்பது வருஷம் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுப் பாகப்பிரிவினைக்காகத் தம்பிமேல் வழக்குப் போட்டிருந்தார், வாரத்தில் இரண்டு நாள் கொக்கிரகுளம் போக வேண்டும். அவருக்கு மூலம். மாட்டுவண்டியில் ஏறினால் ஒவ்வொரு கல்லுக்கும் உயிர் போய் வந்தது. ரிக்ஷாவைக் கண்டதும் அவர் கண் கலங்கிவிட்டது என்று சுடலைக்கண்ணு பின்னால் சொன்னான். சுடலைக்கண்ணு அவருடைய வண்டிக்காரன்.

“ரங்கூன்ல முப்பது வருசம் இதுலதாம்லே ஆபீசுக்குப் போனேன்!” என்றார் பிள்ளை. சொந்தமாக ஓர் இலவம்பஞ்சு மெத்தை கொண்டுவந்திருந்தார். அது அவருக்கு நோய்க்கும் ஆயிற்று, ஆசாரத்துக்கும் ஆயிற்று. இசக்கியப்பன் குடிசை நின்ற மண் அவருடையதுதான்.

தெரு எதிர்த்தது. அதற்காகத்தான் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. பிள்ளை வக்கீலைப் போல வாதாடினார்.

“அவன் தொடுதது கம்ப. கம்பு மரம். சரி, மரத்துல தீட்டு ஏறும்னே வச்சுக்கிடுவோம். கம்புக்கும் நான் உக்காருத எடத்துக்கும் நடுவுல என்ன இருக்கு? இரும்பு வில்லு. இரும்பத் தாண்டித் தீட்டு வருமா வே?”

“கீழ ரப்பரு வேற இருக்கு,” என்றார் ஒருவர்.

“ரப்பருக்கு சாஸ்திரத்துல ஒண்ணும் சொல்லலயே,” என்றார் இன்னொருவர் கவலையாக.

“ரயில்ல எல்லாவனும் ஒண்ணாத்தான வே போறோம்?” என்றார் பிள்ளை.

“ரயிலு தெருவுக்குள்ள வரலயே வே!”

இசக்கியப்பன் தெருமுனையில் நின்று ஒவ்வொரு சொல்லையும் கேட்டான். மரம், இரும்பு, ரப்பர் மூன்றையும் பற்றி யோசித்தார்கள். எல்லாவற்றிலும் கடைசியாக இழுக்கிற மனிதனிடம் வந்தார்கள். அவனைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை, அது ஏற்கெனவே தெரிந்த விஷயம். மூத்த பண்ணையார் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். அதைத்தான் முதலில் சொன்னேன்.

அன்று முதல் ஏற்பாடு இப்படி ஆயிற்று. கச்சேரி நாளன்று காலையில் சுடலைக்கண்ணு, குட்டைக் காளை ஒன்றைக் கம்புகளுக்கு நடுவே கட்டி, பிள்ளையை வீட்டு வாசலில் ஏற்றித் தெருமுனைக்குக் கொண்டுவருவான். அங்கே காளையை அவிழ்ப்பான். இசக்கியப்பன் காளை நின்ற இடத்தில் நின்று கம்பைத் தூக்குவான். சாயங்காலம் திரும்பி வந்ததும் அவன் விலகுவான், காளை அவன் இடத்தில் நிற்கும். வண்டி உள்ளே போகும். பிள்ளையை இறக்கிவிட்டு வண்டி திரும்பி வரும்வரை இவன் வெளியே நிற்க வேண்டும்.

நிற்கிற நேரத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது? தெருவைப் பார்த்தான். ஒரு நாள் காளை நடுத்தெருவில் சாணி போட்டது. பட்டுக்கரைச் சேலை கட்டிய ஒரு பெண் வாசலிலிருந்து ஓடிவந்து, சூடு ஆறுவதற்குள் இரண்டு கையாலும் அள்ளி, முற்றம் மெழுக எடுத்துக்கொண்டு போனாள். அவன் நிழல் விழும் என்று அதே பெண் காலையில் கதவைச் சாத்தியிருந்தாள். அன்று அவன் உடம்பெல்லாம் எரிந்தது. பிரம்பால் தோளில் குத்திய துரைமேல் வராத கோபம் அது. துரை அவனை மாடு என்று நினைத்தான். இங்கே அந்த இடம்கூடக் காலியாக இல்லை.

ஆறுமுகத்தாய் நாக்கைச் சும்மா வைத்திருக்கிறவள் அல்ல.

“கொழும்புக்குப் போயி மாடா இருந்தீரு. ஊருக்கு வந்து மாட்டுக்கு எடுபிடியா இருக்கீரு. இதுக்கா கப்பல்ல வண்டி கொண்டாந்தீரு?”

“பிள்ளைவாளப் பாத்து நாலு பேரு ஏறுவாகட்டி. பழகிப் போயிரும். ஒரு நாளு உள்ளயும் உடுவாக.”

“உடுவாக, உடுவாக. எருமை பறக்கையில உடுவாக.”

அவன் அதை நம்பினான் என்று சொல்ல முடியாது. நம்பாவிட்டால் வயலுக்குத்தான் போக வேண்டும், அதனால் நம்பினான். பிள்ளை வழக்கு முடிவதற்குள் தெரு மனம் மாறும். மாறாவிட்டால் வண்டியை ஆற்றில் தள்ளிவிட்டு மண்வெட்டியை எடுக்க வேண்டியதுதான். இதுதான் அவன் கைவசம் இருந்த எல்லாம்.

ஆவணி மாதத்தில் குட்டைக் காளைக்குக் கோமாரி வந்தது. அன்று சாயங்காலம் சுடலைக்கண்ணு தெருமுனைக்கு வேறொரு காளையைப் பிடித்து வந்தான். பிள்ளையின் வண்டிக் காளை. இசக்கியப்பன் மார்பு உயரத்துக்குத் திமில் நின்றது.

“இது ஆகாது அண்ணாச்சி,” என்றான் இசக்கியப்பன். “கம்பு இடுப்பு ஒசரத்துல நிக்கணும். இதுக்குக் கட்டினா முன்னால தூக்கிரும், எசமான் மல்லாந்து போவாக.”

“மாடு கட்டத் தெரியாதவனுக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதியே. நான் பொறந்ததுலேருந்து மாடு கட்டுதேன்லே.”

“மாட்டுக்கு இல்ல அண்ணாச்சி, வண்டிக்குச் சொல்லுதேன்.”

“ரங்கூன்ல முப்பது வருசம்...” என்று மெத்தையில் இருந்தபடி பிள்ளை ஆரம்பித்தார். “எனக்குத் தெரியாதாலே இந்த வண்டியப் பத்தி? கட்டுடா சுடலை.”

முப்பது வருஷம் பின்னால் உட்கார்ந்தவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சுடலைக்கண்ணு கட்டினான். பிள்ளை வழுக்கி விழாமல் இருக்க இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டு, ஆகாயத்தைப் பார்த்தபடி, தெருவுக்குள் போனார்.

நாற்பது அடி போயிருக்கும். கோயில் வாசலில் யாரோ மணி அடித்தார்கள். காளை ஒரு துள்ளுத் துள்ளியது. கம்புகள் வானத்துக்குப் போயின. இருக்கை பின்னால் கவிழ்ந்தது. பிள்ளை தலைகீழாகச் சரிய, அவர்மேல் தோல் மூடாக்கு படாரென்று மூடிக்கொண்டது. வெளியே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. காளையின் கழுத்துக் கயிறு கம்போடு மேலே இழுபட்டு இறுக, அது முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு அலறியது. அது அசையும்போதெல்லாம் உள்ளே பிள்ளையும் அலறினார்.

தெரு முழுக்க ஓடிவந்தது. ஒருவர் மூடாக்கை இழுத்தார், அது வரவில்லை. அதன் இரும்புக் கொக்கி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஒருவர் கம்பைப் பிடித்துத் தொங்கினார், கயிறு இன்னும் இறுகியது. சுடலைக்கண்ணு மாட்டை இழுப்பதா எசமானை இழுப்பதா என்று தெரியாமல் தலையில் அடித்துக்கொண்டான். மூத்த பண்ணையார்தான் முதலில் தெருமுனையைப் பார்த்தார்.

“ஏலே! மரம் மாதிரி நிக்கியே, சவத்து மூதி! வாலே! வந்து அவுருலே!”

இசக்கியப்பன் கால் தானாக முன்னால் போயிற்று. பாதம் தெரு மண்ணைத் தொடுவதற்குள் நிறுத்திக்கொண்டான்.

“உள்ள வரலாமா எசமான்?”

“வான்னுதான சொல்லுதேன்!”

“இன்னைக்கு மட்டுமா, என்னைக்குமா?”

அலறல்களுக்கு நடுவிலும் தெரு ஒரு நொடி வாயடைத்தது. ஒரு மனிதன் கழுத்து ஒடியக் கிடக்கிறான், இவன் வழிக்குக் கணக்குக் கேட்கிறான் என்று அங்கிருந்தவர்கள் பின்னால் பல வருஷம் அவனைத் திட்டினார்கள். திட்டலாம். ஆனால் கழுத்து ஒடியக் கிடக்கிறவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தத் தெரு யோசித்தது என்பதையும் சொல்ல வேண்டும். பண்ணையார் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இன்னைக்கு மட்டும்.”

இசக்கியப்பன் அதைக் கேட்டுக்கொண்டான். பிறகு ஓடினான். இடுப்பிலிருந்த கத்தியால் கழுத்துக் கயிற்றை அறுத்தான், காளை தெறித்து ஓடியது. கம்பின்மேல் தன் பாரத்தைப் போட்டு இடுப்பு உயரத்துக்கு இறக்கினான். இடது கையால் கொக்கியைத் தட்டினான், மூடாக்கு திறந்தது. பிள்ளையைத் தோளைப் பிடித்துத் தூக்கி வெளியே எடுத்தான். வலது முழங்கால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. யாரோ கயிற்றுக்கட்டிலைக் கொண்டுவந்தார்கள். அதில் அவரைப் போட்டார்கள். எல்லாம் ஒரு வெற்றிலை போடும் நேரம்.

“சரி, போ. போலே வெளிய,” என்றார் பண்ணையார்.

இசக்கியப்பன் கம்புகளுக்கு நடுவே நின்றான். பின்னால் கட்டிலும் கூட்டமும் தெருவை அடைத்திருந்தன. முன்னால் இரண்டு வரிசை வீடுகளும், அவற்றின் கோலங்களும், தெருவின் கிழக்கு முனையில் ஆற்றுச் சாலையும் தெரிந்தன.

“திருப்ப எடமில்ல எசமான். இந்த வண்டி முன்னாலதான் போகும்.”

சொல்லிவிட்டு நடந்தான். இந்த வேலையில் ஓடித்தான் பழக்கம். அன்று அவன் ஓடவில்லை. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. “ஏலே, ஏலே!” என்று பின்னால் குரல்கள் எழுந்தன. ஆனால் பிடித்து நிறுத்த வேண்டுமானால் அவனைத் தொட வேண்டும். யாரும் தொடவில்லை. பூவரச மரத்தையும் கோயிலையும் பொதுக்கிணற்றையும் தாண்டிக் கிழக்கு முனையில் வெளியே வந்தான். முப்பத்தைந்து வருஷத்தில் அந்தத் தெருவின் நீளம் எவ்வளவு என்று அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. வேறொன்றும் விசேஷமாக அதில் இல்லை. ரங்கூனில் ஒரு சந்துகூட அதைவிட அகலம்.

மறுநாள் தெரு முழுக்கச் சாணி கரைத்துத் தெளித்தார்கள். அவன் அறுத்த கழுத்துக் கயிறும், அவனைத் தாங்கிய மண்ணும் கழுவப்பட்டன. அவன் தூக்கிவிட்ட பிள்ளைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினார்கள், உடைந்த முழங்காலோடு.

நாலாம் நாள் காலையில் சுடலைக்கண்ணு குடிசைக்கு வந்தான். வாசலுக்கு எட்டத்திலேயே நின்றான்.

“நாளைக்குப் பிள்ளைவாளுக்கு வாய்தா. வண்டி வேணுமாம்.”

“எங்கன வரணும் அண்ணாச்சி?”

“எங்கனயா? வழக்கம்போலத் தெரு முக்குலதான். நாலு பேரு கட்டிலோட தூக்கியாருவோம். நீ அங்கன ஏத்திக்கோ.”

“மாடு?”

“மாடு இனிமே வேண்டாமாம். மாட்டால ஆபத்தாம்.”

ஒரு மனிதனை விபத்தில் தள்ளிய மாட்டை நீக்கினார்கள். அவரை மீட்ட மனிதனை அதற்குப் பதில் வைக்கலாம் என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாது என்று இசக்கியப்பனுக்கு இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. இது ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது.

“முக்கு வரைக்கும் கட்டிலோட தூக்கத் தெரிஞ்சவுகளுக்கு, கச்சேரி வரைக்கும் தூக்கத் தெரியாமலா போயிரும் அண்ணாச்சி?”

“என்னலே சொல்லுத?”

“வண்டி வராதுன்னு சொல்லுதேன்.”

சுடலைக்கண்ணு தெருப்பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துக் குரலைத் தணித்தான். “கிறுக்கா பிடிச்சிருக்கு? குடிசை யாரு மண்ணுல நிக்கு, தெரியும்லா?”

“தெரியும்.”

“நான் போயி அவுககிட்ட என்ன சொல்ல?”

“குடிசை அவுகளுதுன்னு சொல்லும். வண்டி என்னுதுன்னும் சொல்லும்.”

சுடலைக்கண்ணு வயல் வரப்பில் இறங்கிப் போனான். இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தான்.

உள்ளே ஆறுமுகத்தாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஏசப்போகிறாள் என்று இசக்கியப்பன் காத்திருந்தான். பாத்திரச் சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உலைப்பானையோடும், ஒன்றின் உள்ளே ஒன்றாக அடுக்கிய சட்டிகளோடும் அவள் வெளியே வந்தாள். இருக்கையில் விரித்திருந்த வெள்ளைத் துணியை உருவி, உதறி, சட்டிகள் ஆடாமல் இருக்க அவற்றைச் சுற்றிக் கட்டினாள். பிறகு அம்மியைக் கொண்டுவந்து வைத்தாள். பாய், முறம், இரண்டு சேலை. அதற்குமேல் அந்த வீட்டில் எடுக்க ஒன்றும் இல்லை.

“தோணி எப்பக் கெடைக்கும்?” என்று கேட்டாள்.

“காயல்பட்டணத்துல கேக்கணும். கொழும்புக்குத்தானே?”

“எனக்கு எந்த ஊரு தெரியும்? நீருதான நாலு ஊரு பாத்தவரு. அந்தச் சுருட்டுக்காரி எடம் உட்டாளே, அது எந்த ஊரு?”

“அது ரங்கூனு. தூரம்.”

“தூரமா இருந்தா என்ன, நானா இழுக்கப்போறேன்?” என்றாள் ஆறுமுகத்தாய். வண்டியின் பின்னால் போய் நின்று இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பார்த்தாள். “ம், கம்பத் தூக்கும். மேட்டுல நான் தள்ளுதேன்.”